கையைத் தேடுதல்

முதலில் போனது ஐந்நூறு ரூபாய்.
கருமாத்தூர் பெட்ரோல் பங்க்கில் பதினோரு வருஷம்
வண்டி நம்பரைப் பார்த்துக்கொண்டே நோட்டு எண்ணியவள் நான்.
இரண்டு நோட்டு ஒட்டியிருந்தால்
தூக்கத்திலும் விரலுக்குத் தெரியும்.
அன்று ராத்திரி கணக்கில் ஐந்நூறு குறைந்தது.
மறுவாரம் ஆயிரத்து இருநூறு.
மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை,
கேமராவை என் பக்கம் திருப்பி வைத்தார்.

பிறகு செருப்பு.
செக்கானூரணிச் சந்தையில் பாதி தூரம்
ஒற்றைக் காலில் செருப்போடு நடந்திருக்கிறேன்.
கருவாட்டுக் கடைப் பையன் இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு
ஓடிவந்தான்.

சுகர் என்றார்கள். சுகர் இல்லை.
நரம்புத் தளர்ச்சி என்று பத்து ஊசி.
கண்ணை மூடி உட்கார்ந்தால்
என் விரல்கள் தாமாக எழுந்து காற்றில் எதையோ தடவுவதைப் பார்த்து
நாத்தனார் ஒச்சம்மா விபூதித் தட்டோடு வந்தாள்.
"யாரு நீ? சொல்லு."
அழகுராணிதான் என்றேன்.
அவள் நம்பவில்லை.

பெரியாஸ்பத்திரியில்
கீழ் இமையில் ஒரு காகிதப் பட்டையைத் தொங்கவிட்டு
ஐந்து நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.
எனக்கு நனைந்தது இரண்டு மில்லிமீட்டர்.
உள்ளுதட்டில் மிளகளவு வெட்டி எடுத்துப் போனார்கள்.
இட்லி தொண்டையில் நிற்பது,
கண்ணில் மணல் உறுத்துவது,
கை காணாமல் போவது
எல்லாம் ஒரே கைவரிசை என்றாள் டாக்டர், சின்னப் பெண்.
"உங்க உடம்பைக் காக்க வேண்டியதே
உங்க உடம்பைத் தின்னுதும்மா.
வேலியே பயிரை மேயுற மாதிரி."
பழமொழி சொன்னவன்
வேலிக்கு என்ன பசி என்று சொல்லாமல் போய்விட்டான்.

இந்த நோயில் நரம்பு இப்படிப் போவது அபூர்வமாம்.
எங்கள் வீட்டுக்கு இதுவரை
அபூர்வமாக எதுவும் வந்ததில்லை.

பலம் அப்படியே இருக்கிறது. குடம் தூக்குவேன்.
கை எங்கே இருக்கிறது என்ற சேதிதான்
வந்து சேருவதில்லை.
எல்லாவற்றையும் இப்போது கண்ணால் பிடித்துக்கொள்கிறேன்.
பார்க்கும்வரை டம்ளர் கையில் இருக்கும்.
மகன் கூப்பிட்டானே என்று திரும்பினால் தரையில்.
முகத்துக்குச் சோப்புப் போடக் கண்ணை மூடினேன்,
பாத்ரூம் சுவர் வந்து அறைந்தது.

பங்க்கில் பகல் ஷிப்டு மட்டும், அதுவும் காற்றடிக்கும் பக்கம்.
லாரிக்காரர்கள் கேட்கிறார்கள்:
ஏன்க்கா டயரை இப்படி முறைச்சுப் பாக்குறீங்க?

மாமியார் செத்த அன்று
அழுகை வந்தது, தண்ணீர் வரவில்லை.
நெஞ்சு விம்மி விம்மி அடித்துக்கொள்ள
முகம் மட்டும் காய்ந்து கிடந்தது.
"கல்லுடி இவ" என்றது பந்தலில் ஒரு குரல்.
சொட்டு மருந்து விடும் நேரம்.
நூற்றெண்பது ரூபாய், திறந்தால் ஒரு மாதம்தான்.
இடுப்பிலிருந்து எடுத்துக் கண்ணுக்கு இரண்டிரண்டு விட்டேன்.
தலையைத் திருப்பும்போது கன்னத்தில் வழிந்தது.
ஒச்சம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.
எவ்வளவு நேரம் அழுதாளோ,
ஜாக்கெட் தோளில் ஈரம் படர்ந்திருந்ததைப்
பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நேற்று ராத்திரி கரண்ட் போனது.
அடுப்புக்கும் கதவுக்கும் நடுவில் நின்றிருந்தேன்.
முதலில் வீடு போனது,
அப்புறம் கால்,
அப்புறம் கை.
"அசையாத, அப்படியே நில்லு" என்றார் சோலைராசன்.
செல்போனைத் தேடி அவர் எதையெதையோ உருட்டும் சத்தம்.
நானும் நின்றுகொண்டுதான் இருந்தேன்,
அல்லது அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.
வெளிச்சம் வந்தது. காலண்டரில் ஏறியது,
அரிசி மூட்டையில் இறங்கியது,
அங்கே இங்கே அலைந்து
என் இடது கையில் வந்து நின்றது.

தொங்கவிட்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தேன்.
அது தலைக்கு மேலே தூக்கியிருந்தது,
நிற்காமல் போகும் பஸ்ஸை மறிப்பது மாதிரி.

கண்ணை எடுக்காமல்
மெதுவாக அதைக் கீழே இறக்கினேன்.